இரண்டாம் கொலுசு

உலோகம் தேடுவோர் சங்கத்தில் தமயந்தியைக் கேலி செய்யாதவர் ஒருவர்கூடக் கிடையாது. மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்புவார்கள். தமயந்தி திங்கட்கிழமை வரை பொறுத்திருந்து தாலுகா அலுவலகத்துக்குக் கிளம்புவார். எந்த இடமானாலும் அது யாருடையது என்று முதலில் விசாரிப்பார். அவர்களிடம் கேட்டு, அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் இறங்குவார். பாதி இடங்களில் சரி என்று சொல்லவே ஆள் இருக்காது. அந்த இடங்களை விட்டுவிடுவார். சங்கத்தில் அவருக்குப் ‘பெர்மிஷன் அக்கா’ என்று பெயர்.

அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். சீட்டு எடுக்காத குற்றத்துக்காகச் சொந்தத் தம்பியையே நடுவழியில் இறக்கிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. அது கதையல்ல, நடந்ததுதான் என்று அந்தத் தம்பியே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். இப்படிப்பட்ட ஒருவர் தேடல்காரர்களின் கூட்டத்தில் எப்படி வந்து சேர்ந்தார் என்று எனக்கும் ஆரம்பத்தில் புரியவில்லை. பிறகு அவர் வேலை செய்வதைப் பார்த்தேன். ஒரு செப்புக் காசை மண்ணிலிருந்து எடுக்கும்போது, தூங்கும் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுப்பது மாதிரி எடுப்பார். அன்றோடு நான் கேலி செய்வதை நிறுத்திக்கொண்டேன்.

புன்னைத்துறை ஊரை ஒட்டியிருந்த பழைய உப்பளத்துக்காக அவர் தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். தாசில்தார்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கடைசியாக வந்தவர் ஜெய்லானி. மதுரைப் பக்கத்துக்காரர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பேசும் பழக்கம் உள்ளவர். தமயந்தியைத் திருப்பி அனுப்பாமல் உட்காரச் சொன்ன முதல் தாசில்தார் அவர்தான்.

“இது என்னம்மா, டிரான்சிஸ்டரா?” என்று மேசைமேல் இருந்த கருவியைக் காட்டிக் கேட்டார்.

“இல்ல சார். காதுன்னு சொல்லுவோம். கம்பெனிக்காரன் வச்ச பேரு வேற, அது வாயில நுழையாது.”

“உலோகம் கண்டுபிடிக்கற கருவிதானே?”

“கண்டுபிடிக்கதும் செய்யும், கேக்கதும் செய்யும். ஈரமான உப்பு மண்ணுல செம்போ, செம்பு கலந்த வெள்ளியோ விழுந்தா, விழுந்த நிமிசமே மேல களிம்பு பிடிக்க ஆரம்பிச்சிரும். அந்த முதல் களிம்பு படியும்போது பக்கத்துல கேக்குத சத்தம் எல்லாம் அதுல பதிஞ்சிரும் சார். நெறைய இல்ல. நாலு வார்த்த, கூடிப்போனா நாலஞ்சு வாக்கியம். பொறவு களிம்பு தடிச்சிரும், ஒண்ணும் ஏறாது.”

“அதை இது எப்படிக் கேக்கும்?”

“சன்னமா கரண்டு குடுத்து அந்தக் களிம்பைக் கரைக்கும். கரையும்போது சத்தம் வெளிய வரும். நாங்க அதத் திறக்கதுன்னு சொல்லுவோம்.”

ஜெய்லானி கண்ணாடியைக் கீழே இறக்கினார். “கரைஞ்சப்புறம்?”

“கரைஞ்சது கரைஞ்சதுதான். ஒரே மட்டம்தான் கேக்கலாம். அதனாலதான் கேட்டுட்டுச் செய்யலாம்னு வந்திருக்கேன்.”

அந்தக் கருவி வந்த புதிதில் ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. எந்தக் காலத்திலோ ஒரு பெண் ஆட்டைத் திட்டிய சத்தம் ஒரு செம்பு வளையத்திலிருந்து வந்தது. ஒரு படகு ஆணியிலிருந்து யாரோ தும்மினார்கள். ஒரு விளக்கின் அடித்தட்டில் இருவர் மழை வருமா வராதா என்று சண்டை போட்டார்கள். அரச சபையும் போர் முழக்கமும் கேட்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். எனக்கு ஏமாற்றமில்லை. செத்துப்போன மனிதர்கள் நம்மைப் போலவே அற்பமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதைக் கேட்டபோது மனது நிறைந்துவிட்டது.

“அனுமதி கேக்காம நூறு பேர் தோண்டறாங்க. நீங்க மட்டும் ஏம்மா கேக்கறீங்க?” என்றார் ஜெய்லானி.

“பஸ்ல டிக்கெட் எடுக்கது கண்டக்டருக்குப் பயந்து இல்ல சார். டிக்கெட் எடுத்தாத்தான் வண்டில யாரு ஏறினா, எங்க ஏறினான்னு தெரியும். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா, தேடதுக்கு ஒரு வழி இருக்கும்.”

ஜெய்லானி மனுவை மறுபடி எடுத்துப் படித்தார். புன்னைத்துறை உப்பளம் சாதாரண இடமல்ல. பல வருடங்களுக்கு முன் வந்த வருணாப் புயலில் கடல் ஊருக்குள் வந்து கீழத்தெருவை அப்படியே வாரிக்கொண்டு போன நாளில், தப்பிக்க ஓடியவர்கள் அந்தப் பக்கம்தான் ஓடினார்கள். பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அதன்பின் அரசாங்கம் அளத்தைச் சுற்றி வேலி போட்டு யாரும் நுழையக்கூடாது என்று பலகை வைத்துவிட்டது. பார்த்துச் சொல்கிறேன் என்று ஜெய்லானி சொன்னார். தமயந்தி அந்த வார்த்தையை எத்தனையோ பேரிடம் கேட்டவர்தான். நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

டெரன்ஸ் அப்படிக் காத்திருக்கும் ஆளல்ல. சங்கத்திலேயே கூர்மையான காது அவனுடையது. கருவி முனகுகிற முனகலை வைத்தே கீழே கிடப்பது காசா, ஆணியா, மோதிரமா என்று சொல்லிவிடுவான். அந்தத் திறமைக்கு ஏற்ற வாயும் உண்டு. திறப்பதையெல்லாம் நேரலையில் காட்டுவான். ‘வணக்கம் மக்களே’ என்று அவன் ஆரம்பித்தால் ஊரெல்லாம் கைப்பேசியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை காலையில், கடல் வற்றியிருந்த நேரம், கீழத்தெரு இருந்த இடத்துச் சேற்றில் அவனுக்கு ஒரு வெள்ளிக் கொலுசு கிடைத்தது. சின்னது. திருகாணியில் குட்டி மீன் ஒன்றை யாரோ ஆசையாகச் செய்யச் சொல்லிப் போட்டிருந்தார்கள். அங்கேயே மணலில் உட்கார்ந்து திறந்தான். அலைச் சத்தம், காற்று. அதற்குள்ளிருந்து ஒரு சிறுமியின் குரல் வந்தது.

“அம்மா, நான்...”

“கேக்குதா மக்களே! சின்னப் பிள்ள குரலு! செம கிளியர்! யாரும் பேசாதீங்க, கமெண்ட்ல மட்டும் போடுங்க!”

“...வந்துருதேன்.”

அவ்வளவுதான். கொலுசு பளபளவென்று புதிது போல ஆகிவிட்டது.

அதே நேரத்தில் மீன் ஏலக்கூடத்தில் பிலோமினா கூடையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றவளின் கைப்பேசியிலிருந்து அந்தக் குரல் வந்தது. பிலோமினா கூடையைப் போட்டுவிட்டு நின்றாள். அவள் மகள் ரோஸ்லின் போனது வருணாப் புயலில். அந்த மீனைத் திருகாணியில் வைக்கச் சொல்லி ஆசாரியிடம் அடம்பிடித்தது பிலோமினாவேதான்.

மறுநாள் சைக்கிள் கடை மாடியில் சங்கக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது அவள் படியேறி வந்தாள். யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தோன்றியது.

“இதுல யாரு தம்பி டெரன்ஸ்?”

டெரன்ஸ் எழுந்து நின்றான்.

“நீ பேசினியே, அந்த நேரத்துல, நடுவுல எம்மவ என்ன சொன்னா?”

டெரன்ஸ் குனிந்துகொண்டான். முந்தின நாள் முழுக்க அவன் அந்தப் பதிவை எத்தனையோ மென்பொருளில் போட்டுப் பார்த்திருந்தான். அவன் குரலைப் பிரித்தெடுத்தால் அடியில் பிள்ளையின் குரலும் சேர்ந்தே போய்விட்டது.

“நீ பக்கத்துல இருந்தேல்லா? ஒன் காதுல விழுந்திருக்கும்லா?”

“கேக்கல அக்கா,” என்றான் டெரன்ஸ். “நான் பேசிக்கிட்டு இருந்தேன்.”

பிலோமினா தலையை ஆட்டினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியை நோக்கி நடந்தவள் திரும்பினாள். “கொலுசு ரெண்டுலா. இன்னொண்ணு எங்க?”

அவள் போன பிறகு டெரன்ஸ் கருவியைத் தூக்கித் தோளில் போட்டான். முகம் அழுகிற முகமாக இருந்தது. “அளத்துலதான் கெடக்கும். இப்பவே போறேன். எவன் தடுக்கான்னு பாக்கேன்.”

வாசலை மறித்துக்கொண்டு தமயந்தி நின்றார். “போவாத.”

“அக்கா, கரை உடைஞ்சுக்கிட்டு இருக்கு. இந்த மழைக்கு அளம் பூரா கடலுக்குள்ள போயிரும். கடல் என்ன பெர்மிஷன் கேட்டா உள்ள வருது?”

“கடலுக்குப் புத்தி கெடையாது. ஒனக்கு இருக்குல்லா?”

“அந்த அக்கா மூஞ்சியப் பாத்தீயளா? அதப் பாத்துட்டுமா தாலுகா ஆபீஸ் வாசல்ல போயி நிக்கச் சொல்லுதீய?”

“அதப் பாத்ததுனாலதான் சொல்லுதேன். நேத்து நீ திறக்கதுக்கு முன்ன ஊர்ல ஒரு வார்த்த கேட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? பிலோமினா வந்து பக்கத்துல இருந்து கேட்டிருப்பா. நீ வாய மூடிக்கிட்டு இருந்திருப்ப. இன்னைக்கும் அதே தப்பச் செய்யவா போற?”

டெரன்ஸ் கருவியைக் கீழே வைத்தான். வைத்த வேகத்தில் ஒரு திருகு தெறித்து விழுந்தது. ஆனால் வைத்துவிட்டான்.

அன்றிலிருந்து தமயந்தி தாலுகா அலுவலகத்தை விட்டு நகரவில்லை என்றே சொல்ல வேண்டும். வரிசையில் நிற்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கூட்டமான பேருந்தில் வாழ்நாளெல்லாம் நின்றே பழகிய கால்கள். டெரன்ஸும் கூடவே நின்றான். கடைசியில் ஜெய்லானி இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

“மண்ணைத் தோண்ட அனுமதி குடுக்க எனக்கு அதிகாரம் இருக்கு. கலெக்டர்கிட்டயும் பேசிட்டேன். ஆனா ஒண்ணு சொல்லுங்கம்மா. உள்ள கிடக்கற சத்தத்துக்கு அனுமதி குடுக்க நான் யாரு?”

தமயந்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கேள்வியை ஓர் அதிகாரியின் வாயிலிருந்து கேட்பதற்காகவே இத்தனை காலம் நடந்ததுபோல இருந்தது அவர் பார்வை.

“அந்தப் பக்கம் ஆளைத் தொலைச்ச குடும்பம் எல்லாரும் சம்மதிக்கணும்,” என்றார் ஜெய்லானி. “கிடைக்கிறதை எல்லாரையும் வச்சுத்தான் திறக்கணும். சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் சொல்லி அனுப்புவேன். வரணும்னு இருக்கவங்க வரட்டும். ஒரு வீடு வேண்டாம்னு சொன்னாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“சார், அதுக்குள்ள மழை வந்துரும்,” என்றான் டெரன்ஸ்.

“அப்ப சீக்கிரம் கிளம்புங்க.”

டெரன்ஸின் பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு தமயந்தி வீடு வீடாகப் போனார். புன்னைத்துறையில் யாரும் மறுக்கவில்லை. சிலர் அழுதார்கள். சிலர் எதற்கு இப்போது என்று கேட்டார்கள், பிறகு சரி என்றார்கள். ஒருவர் மகனுடைய சிவப்புச் சட்டையைப் பற்றி மட்டும் வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார். திருவிழாவுக்கு எடுத்த சட்டையாம், புயல் அன்று முதல் தடவையாகப் போட்டுக்கொண்டு போனானாம். கடைசியாக ஒரு வீடு பாக்கி இருந்தது. அது புன்னைத்துறையில் இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில், உப்பு லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் கடை. நடத்துபவள் இசக்கியம்மாள். லாரி ஓட்டுநர் சுடலைமுத்துவின் மகள்.

சுடலைமுத்துவின் பெயரைப் புன்னைத்துறையில் சொன்னால் இன்றைக்கும் தரையில் துப்புவார்கள். புயல் அன்று கோயில் கோபுரத்தில் ஏறித் தப்பியவர்கள், தார்ப்பாய் படபடக்க ஓர் உப்பு லாரி வரப்புச் சாலையில் பறந்து போவதைப் பார்த்திருந்தார்கள். அது நின்றதை யாரும் பார்க்கவில்லை. தண்ணீர் வடிந்தபோது, உடைந்த ஓடைப் பாலத்துக்கு அப்பால் லாரி கவிழ்ந்து கிடந்தது. பின்பக்கம் காலி. ஓட்டுநர் இருக்கையில் அவர் உடல் மட்டும். ஊரே சாகும்போது வெறும் லாரியோடு ஓடியவன் என்று பெயராகிவிட்டது. அவர் அடக்கத்துக்குப் புன்னைத்துறையிலிருந்து ஒருவரும் போகவில்லை.

இசக்கி தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே பேசினாள். “எங்க அப்பாவப் பத்தி அந்த ஊர்ல என்ன பேசுதாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்,” என்றார் தமயந்தி.

“தெரிஞ்சுமா வந்தீய?”

“ஒங்க அப்பாவும் அந்தப் பக்கம்தான் போயிச் சேந்தாரு. ஒன்னக் கேக்காமச் செஞ்சா தப்பும்மா.”

“அந்த மண்ணுக்குள்ள எங்க அப்பா நிக்காம ஓடுன சத்தம் கெடந்துச்சுன்னா?”

டெரன்ஸ் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தான். தமயந்தி அவன் கையைப் பிடித்து அழுத்தினார். “கெடந்தாலும் கெடக்கும். இல்லன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். அதுக்குத்தான் ஒன்ட்ட கேக்கேன்.”

“வேண்டாம். போயிட்டு வாங்க.”

வெளியே வந்ததும் டெரன்ஸ் பொறுக்க மாட்டாமல் வெடித்தான். “ஊரே சரின்னுட்டு. ஒரே ஒரு ஆளு. இவள விட்டுட்டுப் போனா யாருக்குத் தெரியப் போவுது?”

“ஒரே ஒரு ஆளா?” தமயந்திக்குக் கோபம் வந்து நான் கேள்விப்பட்டது அந்த ஒரு தடவைதான். “பிலோமினாவும் ஒரே ஒரு ஆளுதாம்ல. அவள விட்டுட்டுத்தான நீ போன.”

திரும்பி வரும்போது வானம் கிழக்கே கறுத்திருந்தது. மறுபடி போய்க் கேட்கலாமா என்று அவன் கேட்டதற்கு, வேண்டாம் என்று சொன்னவளை நச்சரித்து வாங்குவது சம்மதமாகாது என்று தமயந்தி சொல்லிவிட்டார். அன்று பிலோமினாவின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னதும் அவர்தான். பிலோமினா கேட்டுவிட்டு, உலையில் அரிசியைப் போட்டாள்.

மறுநாள் தாலுகா அலுவலகத்துக்கு இசக்கியே வந்து நின்றாள். கையில் தார்ப்பாய் நூலின் மெழுகு கறை. ஜெய்லானியிடம் நேரே போனாள்.

“இத்தன வருசத்துல அந்த ஊர்ப் பக்கத்துல இருந்து எங்க வீட்டு வாசல்ல வந்து ஒரு வார்த்த கேட்டது அந்த அம்மா மட்டும்தான். எனக்குச் சம்மதம் சார். திறக்கும்போது நான் முன் வரிசைல உக்காருவேன். எங்க அப்பா ஓடுனது அதுல கேட்டுச்சுன்னா எல்லாரும் சேந்தே கேக்கட்டும். பொறவு நான் யாருக்கும் பயந்து நடக்க வேண்டாம்லா.”

ஜெய்லானி கையெழுத்துப் போட்டார்.

அளத்தில் இறங்கியபோது தூறல் ஆரம்பித்திருந்தது. தமயந்தி காட்டிய வரிசையில் டெரன்ஸ் கருவியை நீட்டிக்கொண்டு நடந்தான். வேலிக்கு வெளியே ஊர் நின்றது. நேரலை இல்லை, ‘மக்களே’ இல்லை. ஆணிகள், ஒரு சாவி, ஒரு பானையின் மூடி எல்லாம் வந்தன. தமயந்தி ஒவ்வொன்றையும் ஈரத்துணியில் சுற்றி, கிடந்த இடத்தில் குச்சி நட்டார். கடலோரப் பாத்திகளில் கொலுசு இல்லை. டெரன்ஸ் தளர்ந்து போனான்.

“அந்தப் பக்கமும் பாரு,” என்றார் தமயந்தி.

“அது மேற்கலா. லாரி போற வரப்பு. கடல் இழுத்தா கிழக்கத்தான இழுக்கும்?”

“பாரு.”

வரப்புச் சாலையின் விளிம்பில் கருவி முனகியது. டெரன்ஸ் அசையாமல் நின்றான். அவன் முகத்தைப் பார்த்தே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவன் குனியவில்லை. “நீங்களே எடுங்க அக்கா,” என்றான். தமயந்தி முழங்காலிட்டு, உப்புச் சேற்றை விரலால் விலக்கி விலக்கி எடுத்தார். திருகாணியில் குட்டி மீன். மேலே பச்சையும் கறுப்புமாகக் களிம்பு, ஒரு கீறல் இல்லாமல்.

வேலி ஓரத்தில் பிலோமினாவிடம் அதைக் காட்டியபோது தமயந்தி ஒன்றை மறைக்காமல் சொன்னார். “கெடந்த எடத்தப் பாத்தா ரெண்டு கொலுசும் ஒரே நேரத்துல விழல தாயி. இது அதுக்குப் பொறவு விழுந்தது. நீ தேடுத வார்த்த இதுல இருக்காது.”

“பொறவுன்னா,” என்று பிலோமினா மெல்லக் கேட்டாள், “எம்மவ இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கா. அப்படித்தான?”

“ஆமா.”

“அதுவரைக்கும் இருந்திருக்கா.”

தமயந்தி அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்து மண்டபத்தில் திறந்தார்கள். நடுப்பகல். மழை விட்டிருந்தது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து உட்கார இடமில்லை. முன் வரிசையில் இசக்கி தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்துப் பெஞ்சு இடத்தில் அவள் பை மட்டும் இருந்தது. நிற்க இடமில்லாமல் நெருக்கியவர்கள்கூட அங்கே போய் உட்காரவில்லை. எதிர்ப்பக்கம் பிலோமினா. தமயந்தி உட்காரவில்லை. வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, ஓடும் வண்டியில் நிற்பவர் மாதிரி நின்றார். ஜெய்லானி பதிவுக் கருவியைக் கம்பியால் நேரடியாகக் ‘காது’க் கருவியோடு இணைக்க வைத்தார். யாரும் பேசக்கூடாது என்று அவர் சொல்வதற்கு முன்பே டெரன்ஸ் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கரண்டு ஏறியது. மழைச் சத்தம். கனத்த இயந்திரம் ஒன்று நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும் சத்தம். அதன்மேல் மூச்சு வாங்க ஒரு சிறுமி:

“மாமா, என் கொலுசு! கழண்டு விழுந்துட்டு!”

ஓர் ஆணின் கரகரத்த குரல், அவசரமாக, ஆனால் அதட்டாமல்:

“கெடக்கட்டும் தாயி, அம்மா வேற வாங்கித் தருவா. நீ ஏறு. ஏல செவப்புச் சட்ட, அவ கையப் பிடில. எல்லாரும் தார்ப்பாயக் கெட்டியாப் பிடிச்சுக்கிடணும். கேட்டியளா? விட்றக் கூடாது.”

“சரி மாமா,” என்று பல பிள்ளைகளின் குரல்கள், வகுப்பில் சொல்வது போலச் சேர்ந்து.

அவ்வளவுதான்.

பின்னால் ஒருவர் சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். சிவப்புச் சட்டையைப் பற்றிப் பேசியவர். இன்னொரு மூலையில், அந்த ‘சரி மாமா’வில் தன் பிள்ளையின் குரலைக் கண்டுகொண்ட யாரோ பெயர் சொல்லி அழைத்தார்கள். ஆனால் அந்த ஆணின் குரல் யாருடையது என்று புன்னைத்துறைக்காரர்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்கள் அவரோடு பேசியதில்லை. அதைத் தெரிந்தவள் அந்த மண்டபத்தில் ஒருத்திதான் இருந்தாள்.

“எங்க அப்பா,” என்றாள் இசக்கி. சத்தமாகச் சொல்லவில்லை. “என்னையும் தாயின்னுதான் கூப்பிடுவாரு.”

டெரன்ஸ் வாயிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கண்ணீர் அந்தக் கையின்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் மட்டும் அன்றைக்கே அளத்தில் குதித்து, தனியாக உட்கார்ந்து இதைத் திறந்திருந்தால் என்ன கேட்டிருக்கும்? யாரோ ஒரு மாமா, யாரோ சில பிள்ளைகள். கேட்க வேண்டிய காதுகள் எல்லாம் அங்கே இருந்ததற்குக் காரணம், ஒரு பெண்மணி வீடு வீடாகப் போய்க் கேட்டதுதான். அந்த வண்டியில் யார் யார் ஏறினார்கள் என்பது இத்தனை வருடம் கழித்துத் தெரிந்தது. கம்பத்தைப் பிடித்து நின்ற தமயந்தி கண்ணை மூடிக்கொண்டார்.

இசக்கியின் பக்கம் பார்க்க ஊருக்கு வெட்கமாக இருந்தது. ஜெய்லானி பதிவுக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அப்போது பிலோமினா எழுந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன் வரிசைக்கு வந்து, இசக்கியின் முன்னால் நின்றாள்.

“தங்கச்சி, அந்தப் பதிவுல எம்மவ சத்தத்த இன்னொரு மட்டம் கேக்கணும் போல இருக்கு. அதுல ஒங்க அப்பா குரலும் இருக்கு. நீ சரின்னு சொன்னா, போடச் சொல்லட்டுமா?”

இசக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். யாரும் உட்காராத பக்கத்து இடத்தில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்தாள்.

“உக்காருங்க அக்கா,” என்றாள். “சேந்தே கேப்போம்.”